குண்டு விரியும் தூரம்

பிருந்தா வேலை செய்யும் அறைக்குள் வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை. அமீரகத்தின் அல் ஐன் நகரத்தைத் தாண்டி, மணல்மேடுகள் எழத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்தத் துப்பாக்கிச் சுடுதளம். வெளியே ஓயாத வெடிச்சத்தம். சன்னலில்லாத அவளுடைய சின்ன அறையிலோ தராசுத் தட்டில் வெடிமருந்து உதிர்வதுகூடக் காதில் விழும். தூரத்து மழைபோல இருக்கும் அது.

கோயம்புத்தூரில் கெமிஸ்ட்ரி முடித்து ஒரு மாத்திரைக் கம்பெனியின் லேபில் இருந்தவள் அவள். கணவன் பாலமுரளிக்கு இங்கே ஆடிட் வேலை கிடைத்ததும் உடன் வந்தாள். மகள் தன்யா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பகல்கள் நீண்டுவிட்டன. சுடுதளத்தில் தோட்டா தயாரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாதி விளையாட்டாகத்தான் போனாள். மேனேஜர் கலீலுர் ரஹ்மான், ராமநாதபுரத்துக்காரர், அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கை நடுங்குமா மேடம்?"

நடுங்கவில்லை. "அங்கேயும் மருந்து, இங்கேயும் மருந்து. உன் ராசி அப்படி" என்று பாலமுரளி சிரித்தான்.

கடையில் வாங்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. வேட்டைக்காரர்கள் சிலருக்கு அது போதாது. தம் துப்பாக்கிக்குப் பொருந்துகிற தோட்டாதான் வேண்டும் என்பார்கள். பித்தளைக் கூடு, அடியில் தீப்பற்றவைக்கும் சின்ன மூடி, உள்ளே மருந்து, வாயில் குண்டு. இவ்வளவுதான் பொருள். ஆனால் எந்த மருந்து, எந்தக் குண்டு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மருந்து வேகத்தைத் தரும். அந்த வேகம் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்யும் என்பதைக் குண்டு தீர்மானிக்கும்.

அவள் செய்த தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக எங்கெங்கோ போயின. ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு, ஸ்பெயின் நாட்டு மலைக்கு. அவற்றின் பின்னாலேயே அவள் மனமும் போகும். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது, பார்த்திராத ஒரு சரிவில் மூடுபனி இறங்கும். அதில் ஏதோ ஒரு விலங்கு தலையைத் தூக்கிப் பார்க்கும். அதற்கு மேல் அந்தக் கனவு நகராது.

ஒரு கோடையின் தொடக்கத்தில் அபு சயீத் வந்தார். அறுபதைத் தாண்டிய எமிராத்தி. அவருடைய அப்பா பம்பாயோடு வியாபாரம் செய்தவர் என்பதால் இந்தி சரளமாக வரும். அந்த இந்தியில்தான் அவளோடு பேசுவார். கிர்கிஸ்தான் மலைக்கு ஐபெக்ஸ் வேட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னார். ஐபெக்ஸ் என்றால் வளைந்த பெரிய கொம்புள்ள மலையாடு. ஆனைமலையில் அவள் பார்த்த வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

"நான் பயிற்சி எடுக்கறது இந்த வெயில்ல. சுடப்போறது பனியில. ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி போகணும். முடியுமா?"

"பார்க்கறேனுங்க" என்ற தொனியில் தலையை ஆட்டினாள்.

சில மருந்துகளுக்குச் சூடு ஆகாது. வெயிலில் கிடந்தால் மூர்க்கமாகிவிடும், குண்டு மேலே ஏறி அடிக்கும். குளிரில் அதே மருந்து சோம்பிப்போகும். பிருந்தா மூன்று வகை மருந்துகளை எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கையேடு அனுமதித்த எல்லைக்குள்ளேயே, கீழிருந்து மெல்ல ஏற்றிப் பார்த்தாள். பாதித் தோட்டாக்கள் வெயிலில் நிறுத்திய பிக்கப் வண்டிக்குள் வெந்தன. மீதிப் பாதி கேன்டீன் ஃப்ரீசரில், குல்பிகளுக்குப் பக்கத்தில், பூட்டிய பெட்டிக்குள் உறைந்தன. கேன்டீன்காரர் கலீலுர் ரஹ்மானிடம் புகார் சொன்னார். "கொஞ்ச நாளு பொறுத்துக்கங்க பாய், அது வெடிக்கிற குல்பி" என்று அவர் சமாளித்தார்.

குண்டு பறக்கும் வேகத்தைக் கருவி காட்டியது. வெந்ததும் உறைந்ததும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போன மருந்து ஒன்றே ஒன்று. மங்கிய சாம்பல் நிறம், பொடித்த பென்சில் முனை மாதிரி. அவளுக்கு அதைப் பார்க்கப் பிரியமாக இருந்தது.

குண்டுதான் அவளை யோசிக்க வைத்தது. உள்ளே ஈயம் வைத்த மென்மையான குண்டு, உடம்புக்குள் போனதும் பூப்போல எளிதில் விரியும், ஆனால் பக்கத்தில் அடித்தால் சிதறும், இறைச்சியெல்லாம் ஈயத்தூள். முழுச் செம்புக் குண்டு சிதறாது, ஆழமாகப் போகும். அபு சயீத் வேட்டையாடியதைச் சாப்பிடுகிறவர், வீட்டில் பேரக்குழந்தைகள் உண்டு. அவள் செம்பைச் சொன்னாள்.

"அது சட்டுன்னு முடிச்சிடுமா?" என்று அவளே கலீலுர் ரஹ்மானிடம் கேட்டாள். பிறந்ததிலிருந்து சைவம் அவள். "அதுக்கு வலிக்கக் கூடாதுங்க. அதான் கேட்கறேன்."

"வேகம் இருக்கிற வரைக்கும் விரியும் மேடம். விரிஞ்சா சட்டுன்னுதான்."

அக்டோபரில் அபு சயீத் இன்னொரு விஷயம் சொன்னார். அவர் மனைவி உம்மு சயீதும் முகாம் வரை வருகிறார். துணைக்கு ஒரு பெண் வேண்டும். "தோட்டா செஞ்சவ மலையையும் பார்க்கட்டுமே!"

"போய்ட்டு வா பிருந்தா. நீ பாதி நேரம் அங்கதானே இருக்கே" என்றான் பாலமுரளி.

மலை அவள் கனவில் கண்டது போலவே இல்லை. கனவில் சத்தம் இருந்ததில்லை. இங்கே காற்று ஊளையிட்டது, குதிரைகள் செருமின, மூச்சு நெஞ்சுக்குள் பாதி வழியில் நின்றது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் காற்று அடங்கி, பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பால் மாதிரி தேங்கியபோது, தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. அன்று அபு சயீத் அவளையும் முகட்டுக்கு அழைத்திருந்தார். வழிகாட்டி முன்னால் தவழ்ந்து போய்க் கையைக் காட்டினார்.

எதிர்ச் சரிவில், மேகத்துக்குச் சற்று மேலே, அது நின்றது. கிழட்டுக் கடா. கொம்புகள் முதுகைத் தொடுகிற மாதிரி வளைந்திருந்தன. அது தலையைத் தூக்கி அவர்கள் பக்கம் பார்த்தது.

வழிகாட்டி தூரமானியைப் பார்த்துச் சொன்னார். அறுநூறு மீட்டருக்கு மேல்.

அபு சயீத் துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்துக் கன்னத்தை வைத்தார். சுடுதளத்தில் அந்தத் தூரத்து இரும்புத் தகட்டை அவர் தவறவிட்டதே இல்லை. விரல் விசைக்குப் போகுமுன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பிருந்தா, போய்ச் சேருமா?"

சேரும் என்பது தெரியும். குண்டுக்கு அந்த இடத்தில் எவ்வளவு வேகம் மிஞ்சியிருக்கும் என்பதும் தெரியும்.

"சேரும், அபு சயீத். ஆனா விரியாது."

"விரியாதுன்னா?"

"ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துடும். அது ஓடிடும். எங்கயோ போய் மெதுவா சாகும்."

வழிகாட்டிக்கு அவர்களுடைய இந்தி புரியவில்லை, ஆனால் தாமதம் புரிந்தது. சுடச் சொல்லிக் கையை அசைத்தார். அபு சயீத் துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்தார். பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். "கலாஸ், முடிஞ்சது" என்றார். பக்கத்தில் போக வழியிருக்கிறதா என்று வழிகாட்டியிடம் சைகையில் கேட்டார். வழி இருந்தது, செங்குத்தாக. கொஞ்சம் ஏறியதும் அபு சயீதின் முழங்கால் மறுத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மேகம் மேலேறி வந்து சரிவையும் கடாவையும் சேர்த்து மூடிக்கொண்டது.

அதன்பின் பனி கொட்டியது. கூடாரத்துக்குள் உம்மு சயீத் இஞ்சி போட்ட டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெறுங்கையோடு திரும்பினார்கள். விமானத்தில் அவருடைய மௌனத்தைப் பார்த்து, வேலை போய்விட்டது என்றே பிருந்தா முடிவுகட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கலாமே மேடம்" என்றார் கலீலுர் ரஹ்மான். "பெரிய மெம்பரு. அவரு பாடு, ஆட்டுப் பாடு."

"கேட்டாருங்களே! கேட்டா எப்படிங்க பொய் சொல்றது?"

மழை தூறிய ஒரு டிசம்பர் காலையில் அபு சயீத் அவள் அறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தியே கேட்டார்.

"அந்தத் தூரத்துல விரியற குண்டு செஞ்சு குடு."

அவள் இரண்டு குண்டுகளை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். "இந்த ஈயக் குண்டு அங்கே விரியும். ஆனா திடீர்னு பக்கத்துல வந்து நின்னா, இது சிதறிடும். பாதி இறைச்சி வீண், பேரப்பிள்ளைங்களுக்கும் குடுக்க முடியாது. செம்பு பக்கத்துல நல்லா செய்யும், தூரத்துல செய்யாது. ரெண்டும் ஒரே குண்டுல மாஃபி, கிடையாது."

அவர் செம்புக் குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அதன் நுனியிலிருந்த சின்னத் துளையை விரலால் தடவினார்.

"அச்சா. அப்போ நான்தான் கிட்டப் போகணும்."

அவர் அதைச் சும்மா சொன்னார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, ஜபல் ஹஃபீத் மலைச்சாலையில் விடியலில் ஒரு வெள்ளை கந்தூரா அங்கி மெல்ல ஏறிப்போவதைப் பலரும் பார்த்தார்கள். ஒருமுறை தன்யாவை வண்டியில் அழைத்துப் போகும்போது பிருந்தாவும் பார்த்தாள். மூடுபனிக்குள் நின்று நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஏறினார். வெயில் காலத்தில் ஷாப்பிங் மாலுக்குள் நடந்தார். அங்கே அவரைப் பார்த்த கலீலுர் ரஹ்மான் வந்து சொன்னார்: "எல்லாரும் துப்பாக்கிய மாத்துவாங்க, தோட்டாவ மாத்துவாங்க. இந்த மனுசன் தன்னோட கால மாத்திட்டாரு மேடம்."

அடுத்த அக்டோபரில் அதே மருந்து, அதே குண்டு. இந்த முறை பிருந்தா போகவில்லை, தன்யாவுக்குப் பரீட்சை. ஒரு நண்பகலில் வாட்சப்பில் குரல் வந்தது. பின்னால் காற்று ஊளையிட, மூச்சு வாங்க, அபு சயீத் பேசினார்.

"பிருந்தா, நாலு மணி நேரம் ஏறினேன். நூத்தம்பது மீட்டர்ல நின்னேன். ஒரே தோட்டா."

அவள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். "ஓடுச்சா?"

"இல்லை. நின்ன இடத்துலயே உட்கார்ந்தது. தூங்கற மாதிரி தலையைச் சாய்ச்சது."

அவள் தராசை மூடினாள். வெளியே வந்து நிழலில் நின்றாள். மணல்மேட்டின் முகட்டிலிருந்து காற்று மெல்லிய புகைபோல மணலைக் கிளப்பி அடுத்த பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது.

மாலையில் பாலமுரளி கேட்டான். "சந்தோஷமா?"

"சந்தோஷம்னு சொல்ல வாய் வரலீங்க" என்றாள். "அது கஷ்டப்படலை. அது போதும்."

கனவு பிறகும் வந்தது. சரிவு, மூடுபனி, தலையைத் தூக்கும் விலங்கு. முன்பு அங்கேயே நின்றுவிடும் கனவு இப்போது மேலே நகர்ந்தது. கீழேயிருந்து யாரோ மூச்சுவாங்க ஏறிவரும் காலடியோசை அதில் கேட்கத் தொடங்கியிருந்தது.