எங்கள் கம்பெனியில் எடுத்த போன் மோசடி

போன வருஷம் எங்கள் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் எங்களுடையது சிறியது. பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்கிறோம். நான் பில் போடுகிறவள். வந்தவர்கள் எடுத்தது போன் மோசடி பற்றிய கிரைம் தொடர். எங்கள் குடோனில் மேஜைகளைப் போட்டு, அங்கிருந்துதான் ஒரு கும்பல் ஊரையெல்லாம் கூப்பிட்டு ஏமாற்றுவதாகக் கதை.

முதல் நாள் மதியம் டைரக்டர் பேக்கிங் பகுதிக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. என் தோழி அங்கே வைக்கோல் சுற்றிப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கணவர் குவைத்தில்.

"நடிக்கிறீங்களாக்கா?" என்றார் அவளிடம்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என்ன வேஷங்க தம்பி?"

"கும்பல் தலைவனோட மனைவி. போலீஸ் வரும்போது பர்தாவோட கதவோரமா பயந்த மாதிரி நிக்கணும். டயலாக் இல்ல."

சிரிப்பு குறைந்தது. கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாவுக்கு எதுக்கு தம்பி பர்தா?"

"நிஜமா இருக்கும்னுதான்."

"திருடன் வூட்ல இருந்தாத்தான் நாங்க நிஜமா? போன மாசம் எனக்கே ஒருத்தன் பேங்குன்னு சொல்லி இந்தியில பேசுனான். நான் எனக்குத் தெரிஞ்ச உருதுல, எந்த ஊரு, எத்தன புள்ளைங்கன்னு விசாரிச்சேன். நம்பர் கேட்டான். கண்ணாடியத் தேடறேன், தேடறேன்னே இழுத்தேன். கடைசில ஆள வுடும்மான்னு அவனே வெச்சிட்டான்."

எனக்கும் பேச வேண்டும் போல் இருந்தது. "எங்க கொழுந்தனார ஏமாத்துனவ நம்ம ஊரு பேச்சுதாங்க பேசுனா. 'சாப்புட்டீங்களாண்ணே'ன்னு கேட்டுட்டுத்தான் ஓடிபி கேட்டா" என்றேன்.

டைரக்டருக்குக் கோபமோ என்று நினைத்தோம். அவரோ அங்கிருந்த காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தக் கண்ணாடி விஷயத்த இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றார்.

அந்த வாரக் கடைசியில் புதுக் காட்சி ஒன்றோடு வந்தார். மங்கலம்பேட்டைக்காரி ஒருத்திக்கு மோசடி அழைப்பு வருகிறது. போலீஸ் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவள் பேச்சை இழுக்கிறாள். அது என் தோழிக்கு. மோசடிக்காரியின் குரலுக்கு வந்த சென்னை நடிகைக்கு எங்கள் பேச்சு ஒட்டவில்லை. அதனால் அது எனக்கு.

பேக்கிங் மேஜையருகே அவள் போனோடு நின்றாள். நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசினேன்.

"அக்கா, பேங்குலேர்ந்து பேசறேன். ஒங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு. ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்றீங்களா?"

"சொல்றேம்மா. கண்ணாடி உள்ள இருக்குது, எடுத்தாரேன். நீ சாப்புட்டியா?"

கடைசிக் கேள்வி வசனத்தில் இல்லை. வழக்கமாக மதியம் அவள் கேட்பதுதான். நானும் வழக்கம்போல, "இன்னும் இல்லடி, வா சேந்து சாப்புடலாம்" என்று சொல்லிவிட்டேன். லைட் பிடித்திருந்தவர்வரை எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைச் சுவர் பக்கம் திருப்பி நிற்கவைத்துத்தான் அந்தக் காட்சியை முடித்தார்கள்.

தொடர் வெளியானபோது சாப்பாட்டு நேரத்தில் ஒரே போனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். என் தோழி திரையில் போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, நிதானமாகப் பொம்மைக்கு வைக்கோல் சுற்றியபடி திருடியோடு பேசினாள். எங்கள் முதலாளிகூடக் கைதட்டினார்.

தலைவன் வீட்டுக் காட்சியும் வந்தது. கதவோரம் நின்ற மனைவிக்குப் பர்தா இல்லை. நெற்றியில் பெரிய பொட்டு, பருத்திச் சேலை, கொண்டை. அப்படியே என்னைப் போல. எனக்கு என்னவோ போலிருந்தது. தோழி முழங்கையால் இடித்தாள்.

"கொஞ்ச நாளு நீயும் பயந்த மாதிரி நில்லுக்கா."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து அவள் கணவர் கூப்பிட்டாராம். காட்சியை மூன்று தடவை பார்த்திருக்கிறார். பாராட்டுவார் என்று காத்திருந்தவளிடம், "நான் பேசுனா மட்டும் வேல இருக்குதுன்னு ரெண்டு நிமிஷத்துல வெச்சிடற. திருடிகிட்ட இம்மா நேரம் பேசற" என்று குறைப்பட்டுக்கொண்டாராம். மறுநாள் இதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.