பட்டதாரி நடை

டாக்டர் அந்தச் சீட்டை எழுதியபோது அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அப்பாவுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைத்த முதலாளியும் இருந்தார். நான் இல்லை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள், டைப்ரைட்டிங் வகுப்பை விட மனமில்லாமல் அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மருந்தோடு நடையும் வேண்டும், முறையாக நடந்தால் மூன்று மாதத்தில் மறுபடி தறிக்குழியில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். எப்படி நடப்பது என்பதையும் சொல்லித்தான் இருப்பார். பின்னால் நின்ற கூட்டம் நெட்டித் தள்ளியதில் அம்மாவின் காதிலும் மற்ற இருவர் காதிலும் தறி என்ற சொல் மட்டும் விழுந்தது. மிச்சத்தைப் பிள்ளை படிப்பான் என்று சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். முதலாளியும் கூடவே வீட்டுக்கு வந்தார். தறி எப்போது ஓடும் என்பது அவர் கவலை.

"இன்னாப்பா எழுதிக்கீது?" என்றாள் அம்மா.

ஒரே வரி. கிராஜுவேட்டட் வாக்கிங், தினமும், ஒரு மணி நேரம் வரை. 'வரை' என்பதை என் கண் தாண்டிப் போயிற்று. அதற்கு முன்னிருந்த சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கிராஜுவேட் என்றால் பட்டதாரி. எங்கள் வம்சத்தில் யாரும் எட்டாததும் நான் எட்டத் துடித்ததுமான சொல். எனக்கா தெரியாது? பட்டதாரி என்றால் முழுதாகப் படித்தவன். ஆகவே இது முழு நடை. அகராதி பக்கத்து அலமாரியில் இருந்தது. புரட்டவில்லை.

"முழுசா ஒரு மணி நேரம் நடக்கணும்மா. நடுவுல நிக்கவே கூடாது," என்றேன்.

நிற்கக் கூடாது என்பது சீட்டிலேயே இல்லை. நானாகச் சேர்த்தது.

"எஸ்.எஸ்.எல்.சி. தொர சொல்ட்டாரு, கேட்டியா?" என்றார் முதலாளி. வெற்றிலைச் சாறு மோவாயில் வழிந்தது. துண்டால் துடைத்து, அதே துண்டை அப்பாவின் தோளில் தட்டினார். "சும்மா தெருவ அளந்துக்கினு இருந்தா ஊரு சிரிக்கும்பா. எப்டியும் நடக்கத்தான போற? நம்ம பாவோட நட."

நெய்வதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, அறுந்த இழையைக் குனிந்து தேடி, முடிச்சுப் போட வேண்டும். அதற்கென்று கூலிக்கு ஓர் ஆள் வருவார். அந்த ஆளை முதலாளி மறுநாளே நிறுத்திவிட்டார்.

"கூலி எதுனா..." என்று இழுத்தாள் அம்மா.

"வைத்தியத்துக்குக் கூலி கேக்கறியேம்மா, நல்லா கீதே! நாயப்படி நீதான் எனக்கு பீஸ் குடுக்கணும்."

அப்பா சிரித்தார். முதலாளியின் பேச்சு முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவது அவர் வழக்கம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்று நானும் சிரித்தேன்.

நான்கு நாள் காலையில் அப்பா நடந்தார். நான் கையில் கடிகாரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். இது புது வைத்தியம் என்று எதிர்வீட்டாருக்கு விளக்கமும் சொன்னேன். மூன்றாம் நாள் அப்பா ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, செத்த நிக்கட்டா?"

"இன்னும் இருவது நிமிஷம் கீதுப்பா."

அவர் நடந்தார். படித்தவன் சொல்கிறானே.

ஐந்தாம் நாள் ஓர் இழையைப் பிடிக்கக் குனிந்தவர் அப்படியே பாவின் மேல் சரிந்தார். நூல்கள் படபடவென்று அறுந்தன. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முதலாளி சேர்ந்திருந்தார். அப்பாவின் தலையைத் தாங்கவில்லை. நூலில் சிக்கிய அவர் கையை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல், தூக்கி அப்பால் போட்டார்.

"பட்டு, பட்டு! பாத்து இழுங்கடா! எச்ச படுது!"

அப்பாவின் வாயிலிருந்து நுரை வழிந்து பட்டின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அறுந்து சிக்கிய இழைகளை நான் இரு கையாலும் பிய்த்தேன். "அடப்பாவி!" என்றார் முதலாளி. என்னைத்தான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"யார் இதப் படிச்சது?"

"நான்தான் சார்."

"மொத வாரம் அஞ்சு நிமிஷம். அடுத்த வாரம் பத்து. மூச்சு வாங்கினா உடனே உக்காரணும். படிப்படியா ஏத்தறதுன்னு அர்த்தம்யா இந்த வார்த்தைக்கு. உங்க அம்மாகிட்ட சொன்னனே!"

அம்மா தரையைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இம்முறை டாக்டர் சொன்னபடியே, ஐந்து நிமிஷத்தில் தொடங்கி, நான் கூடவே நடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கோயில் மதில் வரை போய்த் திரும்பினார். ஆனால் தறிக்குழியில் இறங்கி மிதிபலகையை மிதிக்கும் அளவுக்கு அந்த நெஞ்சு திரும்பவில்லை. தறி அம்மாவின் தம்பிக்குப் போயிற்று.

அப்பா கடைசியாக நெய்த சேலையின் கூலியை வாங்க நான்தான் போனேன். முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, அறுந்த பாவுக்கென்று அந்தக் கூலியில் பிடித்துக்கொண்ட தொகையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார்.

"படி தொர. நல்லா படிப்பியே."

படித்தேன். நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.