கிணறு வெட்டியவர்களின் பெயரைச் சொன்னவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதியில் என் அச்சுக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது சித்தூரிலிருந்து முருகேசன் அண்ணன் அழைத்தார். சுசீலா அக்கா நடத்துநராக இருந்த பேருந்தைப் பல ஆண்டுகள் ஓட்டியவர் அவர். "தம்பி, அக்கா பூட்டாங்கப்பா. காப்பி குடிச்சிக்கினே இருந்தாங்களாம், அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஊரில் கூடி, அந்த ஊரின் கதையை அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து பேசிய நம் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஆனால் அந்த ஞாயிறுகள் எப்படித் தொடங்கின என்பது பலருக்குத் தெரியாது. சித்தூர்–திருப்பதி வழியில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பயணிகளிடம் கேட்பது அவர் வழக்கம். ஓய்வு பெற்றதும் திருப்பதியில் நடந்த கல்வெட்டுப் படிக்கும் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கல்லூரி மாணவர்கள் நடுவே, மூக்குக் கண்ணாடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். "படிச்சவங்க எழுதறது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊருக்குள்ள இருக்கறவங்க சொல்றத யாரு கேக்கறது?" என்று அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் எல்லாம் பிறந்தது.

எனக்கு அவர் கொடுத்த வேலை, அந்த ஞாயிறுகளுக்கான நோட்டீஸ் அடிப்பது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. இரண்டிலும் எழுத்தின் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பார். ஒருமுறை தமிழைச் சற்றுப் பெரிதாகப் போட்டுவிட்டேன். "இன்னா தம்பி, ஒரு பக்கம் கத்துது, ஒரு பக்கம் முணுமுணுக்குது?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவர் பேச்சும் அப்படித்தான். ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். கூட்டத்தில் யாரும் தனித்துவிடப்பட்டதாக உணர்ந்ததில்லை.

ஆனால் ஒருவர் உணர்ந்தார். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வடமாலபேட்டை பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய படிக்கிணறு. நூறு பேருக்கு மேல் வந்திருந்த நல்ல நிகழ்ச்சி அது. ஊரின் பெரிய குடும்பம்தான் பந்தலும் சாப்பாடும் ஏற்பாடு செய்திருந்தது. அந்தக் குடும்பத்து முன்னோர் வெட்டிய கிணறு என்று அக்கா மைக்கில் விளக்கிச் சொன்னார். அந்த வீட்டிலிருந்த பழைய காகிதங்களைப் படித்துவிட்டுத்தான் சொன்னார். கூட்டம் கலையும்போது, பின்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்த எல்லம்மா என்ற அம்மாள் முன்னே வந்தார். ஊருக்கு வெளியே உள்ள காலனியைச் சேர்ந்தவர்.

"நீ சொன்னது தப்புமா. இது எங்காளுங்க வெட்டின கெணறு. எங்க நைனாவோட நைனா இதுல பாறை வுழுந்துதான் செத்தாரு. தண்ணி வந்தப்புறம் எங்கள கிட்டயே சேக்கல."

பெரிய குடும்பத்தின் மூத்தவர் கேசவுலு முகம் சுளித்தார். "புரோகிராம் முடிஞ்சிப்போச்சி. அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். அக்கா எல்லம்மாவின் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியாதுமா. கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் வந்தார். மூன்று வாரம் தினமும் பேருந்தேறிக் காலனிக்குப் போனார். ஐந்து வீடுகளில், ஒரு வீட்டில் சொன்னதை இன்னொரு வீட்டில் சொல்லாமல், தனித்தனியாக எழுதிக்கொண்டார். ஐந்து வீட்டிலும் பாறை விழுந்து இறந்த அதே நான்கு பேரின் பெயர்கள் வந்தன. பிறகு என் கடைக்கு வந்து, அதே கிணற்றடியில் வைக்கப்போகும் அடுத்த கூட்டத்துக்கான நோட்டீஸ் தாளை நீட்டினார். முதல் வரியே, 'சென்ற மாதம் இந்தக் கிணற்றைப் பற்றி நான் சொன்னது தவறு.'

எனக்குப் பதறிவிட்டது. "அக்கா, நோட்டீஸ்லயே யாராவது இப்படிப் போடுவாங்களா? கூட்டத்துல லேசா சொல்லிட்டாப் போதாதா?"

"மைக்ல சொன்ன தப்ப மைக்லதான் திருத்தணும் தம்பி. காதுல போய்ச் சொன்னா அது திருத்தறது இல்ல, மறைக்கறது."

நோட்டீஸ் போனதும், பந்தலும் சாப்பாடும் கிடையாது என்று பெரிய குடும்பத்திடமிருந்து தகவல் வந்தது. அந்த ஊரில் இனி நிகழ்ச்சியே வேண்டாம் என்று நம்மில் சிலரும் சொன்னோம். நானும் சொன்னேன்; ஒப்புக்கொள்கிறேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று முந்தைய மாதத்தைவிடக் கூட்டம் அதிகம். காலனிக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். அக்கா இரண்டே நிமிடம்தான் பேசினார். சென்ற மாதம் தாம் சொன்னது தவறு என்றார், மைக்கை எல்லம்மாவிடம் கொடுத்தார். எல்லம்மா நான்கு பெயர்களையும் சொன்னார். நான்காவது பெயரில் குரல் உடைந்தது. அக்கா அருகில் நின்றார். மைக்கைத் திரும்ப வாங்கவில்லை. எல்லம்மா அந்தப் பெயரை மறுபடி, முழுதாகச் சொல்லும்வரை காத்திருந்தார்.

அப்போதுதான் கவனித்தோம், கேசவுலு வேப்பமரத்தடியில் வந்து நின்றிருந்தார். சண்டை வருமோ என்று முருகேசன் அண்ணன் எழுந்தேவிட்டார். கேசவுலு மெதுவாகச் சொன்னார்: "எடம் எங்க வூட்டுது, அது நெஜம். வெட்டினது யாருன்னு எங்க வூட்ல யாரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல." பிறகு, "கல்லு ஒண்ணு வெச்சா அந்தப் பேருங்கள எழுதுங்க" என்றார்.

இன்று அந்தக் கிணற்றங்கரையில் கல் நிற்கிறது. நான்கு பெயர்கள், தமிழிலும் தெலுங்கிலும். எழுத்தமைத்தது நான். என் தொழிலில் எத்தனையோ பெயர்களை எழுதியிருக்கிறேன். அந்த நான்கைப் போலப் பெருமையாக எதையும் எழுதியதில்லை. எழுத்தமைக்கும்போது அக்கா தன் பெயரை அதில் போடவிடவில்லை. "நான் இன்னா வெட்டினேன்?" என்று கேட்டார்.

அடக்கத்தன்று ஷேர் ஆட்டோ பிடித்துக் காலனியிலிருந்து பதினோரு பேர் சித்தூருக்கு வந்திருந்தார்கள். அக்காவின் மகள் எல்லம்மாவை அடையாளம் தெரியாமல், "நீங்க யாரு?" என்று கேட்டாள். "எங்க சனத்தோட பேர உங்கம்மா மைக்ல சொல்ல வெச்சாங்கமா" என்றார் எல்லம்மா.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுண்டு. நேற்றுக் கங்காதர நெல்லூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். அவர் நிலத்து வரப்பில் எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடக்கிறதாம். என்னவாக இருக்கும் என்று கேட்டார். முன்பாயிருந்தால் சோழர் காலம், பல்லவர் காலம் என்று ஏதாவது அடித்துவிட்டிருப்பேன். நேற்று, வெட்கமே இல்லாமல், "தெரியலைங்க" என்றேன். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அக்கம்பக்கத்துல இருக்கறவங்களையும் கூப்பிட்டு வையுங்க."