அம்மன் இறங்கிய கரை

எங்கள் பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் கமண்டல நாகநதி வளைகிற இடத்தில் இக்கரை எங்களுடையது, அக்கரை அவருடையது. தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு அம்மன் எங்கள் கரை வழியாகத்தான் மணலில் இறங்கும். எந்தக் கரையில் இறங்குகிறதோ அந்த வீட்டுக்கு முதல் மாலை. அப்பாவின் கழுத்தில் விழுந்த அந்த மாலை பெரியப்பாவின் கண்ணை உறுத்தியது.

எழுபதுகளில் ஒரு கோடையில், தன் கரையிலிருந்து ஆற்றுக்குள் பனங்கட்டைகளைச் சாய்வாக நட்டுக் கல்லைக் கொட்டினார். கரைக்குக் காவலாம். அடுத்த வெள்ளம் கட்டையில் முட்டி எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் கரை அறுந்து விழுந்து, மேலே செம்மண், நடுவில் மணல், அடியில் கூழாங்கல் என்று அடுக்கு தெரியச் செங்குத்தாக நின்றது. அவர் பக்கம் மணல் ஒதுங்கி நல்ல சரிவு. அம்மன் அங்கே போய்விட்டது.

அந்தத் தையில் அப்பா வேரைப் பிடித்துத் தொங்கி இறங்கினார். மாலையும் கழுத்துமாக நின்ற பெரியப்பா, ஊரே கேட்க, “பாத்து எறங்குடா, வழுக்கும்” என்றார். ஊர் சிரித்தது. அப்பா செம்மண் வேட்டியோடு போய்க் கும்பிட்டார். 

“கட்டைங்களப் பிடுங்கிப் போட்டுடலாம்பா” என்றேன்.

“ஆறு பாத்துகினுதான் இருக்குது.”

தறியை விட்டு எழுந்த நேரமெல்லாம் அப்பா கரையடியில் நாணல் நட்டார். ஒவ்வொரு வெள்ளமும் அதில் கொஞ்சம் வண்டலை விட்டுப் போனது.

கெடுவான் கேடு நினைப்பான். எண்பதுகளில் ஊரெங்கும் மாடி வீடுகள் எழும்பின. பெரியப்பா தன் சரிவில் மணல் லாரிகளை இறங்கவிட்டார். மணல் போகப் போக ஆறு பள்ளமானது. பிடிப்பில்லாத பனங்கட்டைகளை ஒரே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதே வெள்ளம் அவர் கரையையும் அறுத்துச் செங்குத்தாக நிறுத்தியது. எங்கள் பக்கம் நாணல் பிடித்த மண் சரிவாகிக் கிடந்தது.

அடுத்த தையில் அம்மன் எங்களிடம் திரும்பியது. அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். மாலை என் கழுத்தில் விழுந்தது.

எதிர்க்கரையில் பெரியப்பா ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவிக்கொண்டிருந்தார். மேளம் நிற்கும்வரை காத்திருந்தேன்.

“பாத்து எறங்குங்க பெரியப்பா, வழுக்கும்.”

ஊர் சிரித்தது. எனக்கு இனித்தது. அப்பா இருந்திருந்தால் என்னை அதட்டிவிட்டு, ஓடிப்போய் அண்ணனுக்குக் கை கொடுத்திருப்பார். நான் மாலையைச் சரிசெய்துகொண்டு, அவர் இறங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.