படத்தின் ஓரத்தில் ஒரு தோள்

சேரன்மகாதேவியில் ஒரு வீட்டுச் சுவரில் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. மாலை போட்ட படம். சிரித்த முகம், போர்த்திய புதுப் பொன்னாடை. இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒருவரின் தோள் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அந்தத் தோள் என்னுடையது.

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நானும் அக்காவும் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நுண்ணோக்கிகளில் குனிந்திருந்தவர்கள். உடன்பிறப்பில்லை, பழக்கத்தில் வந்த அக்கா. கொரோனா வந்தபோது ஊராரின் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்ததும் நாங்கள்தான். ஆய்வக ஊழியர் சங்கத்துக்கு நான் செயலாளர். முதல் அலை ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட சமயம், ஆண்டு மாநாட்டை நேரில்தான் நடத்துவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அக்கா அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது என் ஆசை.

"போன்லயே கூட்டத்த முடிச்சிருவோம் தம்பி. எனக்கு மூச்சிழுப்பு உண்டுல்லா" என்றார் அக்கா.

"போன்ல பொன்னாடை எப்படிக்கா போத்த? எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். பைய வந்து உக்காந்துட்டுப் போங்க" என்றேன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். நாற்காலிகளை டேப் பிடித்து அளந்து போட்டேன். சன்னல் ஒன்றுவிடாமல் திறந்து வைத்தேன். வாசலில் காய்ச்சல் பார்த்தோம், சாப்பாட்டைப் பொட்டலமாகக் கையில் கொடுத்தோம். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டிருந்த ஒரு பெரியவரை மைக்கிலேயே கண்டித்தேன். அன்று என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

எங்கள் மாநாடு எப்போதும் குழுப்படத்தோடுதான் முடியும். அது எல்லா ஆய்வகச் சுவரிலும் தொங்கும். மேடைப் படிகளில் அறுபது பேர் தோளோடு தோள் நெருங்கி நின்றோம். முகம் தெரியாத படம் எதற்கு என்று கேட்டது நான்தான். காலையிலிருந்து டேப்பும் கையுமாக அலைந்த அதே நான். எல்லார் முகக்கவசமும் பைக்குள் போனது. என் பக்கத்தில் நின்ற அக்கா மட்டும் கழற்றவில்லை. "ஒரு நிமிசந்தானேக்கா" என்றேன். கழற்றினார். படக்காரருக்குத் திருப்தி வரக் கால்மணி நேரம் ஆனது.

நாலைந்து நாளில் எனக்கு வாசனை போனது, பிறகு திரும்பி வந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. தனியாகவே போய்விட்டார். அந்தப் படியில்தான் தொற்றியதா என்று சொல்ல எங்களிடம் ஒரு பரிசோதனையும் கிடையாது. மனசு அதற்கெல்லாம் காத்திருக்காமல் என் பேரில் எழுதி வைத்துவிட்டது. பக்கத்து நுண்ணோக்கியில் இப்போது வேறொரு பெண் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். அவளிடம் நான் அதிகம் பேசுவதில்லை.

போன நினைவு நாளில் சேரன்மகாதேவிக்குப் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் காப்பி கொடுத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடைசியா மாஸ்க் இல்லாம எடுத்த படம் இது ஒண்ணுதான் தம்பி. ஸ்டூடியோக்காரர் அந்தத் தோள அழிச்சிருதேன்னார். நான்தான் கெடக்கட்டும்னேன். போகும்போது பக்கத்துல ஆளில்லாம போயிட்டா. படத்துலயாவது ஒருத்தர் கூட நிக்கட்டுமே."

தோள் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தேன். நான் சொல்லவும் இல்லை.