தங்கையின் இடது கை

அச்சகத் தெருவில் என் அக்காவைப் 'பைக்காரி' என்றால்தான் தெரியும். அவள் இடது கையில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். கடைக்குப் போனாலும் பை, பஸ்ஸில் ஏறினாலும் பை. உள்ளே சாமான் எதுவும் இருக்காது, மணிக்கட்டோடு முடிந்துபோன கைதான் இருக்கும். புத்தகம் கட்டும் பட்டறையில் தாள் வெட்டும் மிஷின் கொண்டுபோனது போக மிச்சம் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். தெருவுக்கே தெரியும், அவளுக்கு மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு.

அதற்காகப் பட்டறை வேலையை அவள் விடவில்லை. அச்சடித்த தாளை இடது முழங்கையால் அமுக்கிக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்ப்பாள். ஊசி கோப்பது, நூல் இழுப்பது, பசை தடவுவது எல்லாம் அந்த ஒரு கைதான். இரண்டு கை வேலையை ஒரு கை செய்தால் அது என்ன லட்சணத்தில் இருக்கும்? நகம் தடித்து மொட்டையாகிவிட்டது. விரல் வெடிப்புகளில் பசை ஏறிக் காய்ந்து, எந்தச் சோப்புக்கும் மசியாமல் உட்கார்ந்திருக்கும். 'தன் கையே தனக்கு உதவி' என்பதை எவனோ இரண்டு கையும் உள்ளவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் மகள் நர்ஸ் படிப்பு படித்தாள். அந்தக் கல்லூரி வாசலை அக்கா ஒருநாளும் மிதித்ததில்லை. "அம்மாவுக்கு வேலை" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நான்தான் போய் உட்கார்ந்தேன். பட்டம் கொடுக்கும் நாள் நெருங்கியதும் பெண் பிடிவாதமாக நின்றாள்.

"சித்தி வந்தா போதாதும்மா. நீ வரலன்னா நானும் மேடை ஏற மாட்டேன்."

அக்கா குனிந்த தலை நிமிராமல், "கை வெச்சுக்கிட்டு வரேன்" என்றாள். அப்படித்தான் செயற்கைக் கை செய்கிறவரிடம் போனோம்.

மாடியில் சின்ன அறை. அலமாரியில் காது, மூக்கு, விரல் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அக்கா பையிலிருந்து கையை வெளியே எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் நிதானமாக அளவெடுத்தார்.

"இப்ப அந்தக் கையைக் காட்டுங்கம்மா. அதைப் பார்த்துத்தான் இதுக்கு ஜோடி செய்யணும்."

அக்கா வலது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "அது எதுக்குங்க? வேற யார் கையாவது வெச்சு செய்ய முடியாதா?"

"கூடப் பிறந்தவங்க கைன்னா ஓரளவு பொருந்தும். ஆனா..."

"ஆனாவெல்லாம் வேண்டாங்க. இதோ இருக்கா என் தங்கச்சி."

நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். என் கை இதுவரை தூக்கிய பெரிய பாரம் டெலிபோன்தான். வாளியில் கொழகொழவென்று கரைத்து வைத்திருந்த மாவில் என் இடது கையை முக்கி அச்சு எடுத்தார். நிறத்தையும் என் கை நிறத்துக்கே கலக்கச் சொன்னாள் அக்கா.

"அப்படியே என் நாக்கையும் அச்செடுத்து இவளுக்கு வைங்க, உபயோகப்படும்" என்றேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கை வந்தது. மெத்தென்று, நகமும் ரேகையுமாக அசல் என் கைதான். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற என் மச்சம்கூட அதில் இருந்தது. என் கை இன்னொருத்தி உடம்பில் இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அக்காவுக்கோ கண் கலங்கிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்தாள். இனி பைக்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

விழா அன்றும் பை வந்தது. இப்போது வலது கையில்.

சாமான் ஏதோ கொண்டு வருகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். மகள் பட்டம் வாங்கிய கையோடு அம்மாவை அழைத்துப் போய்க் கல்லூரி முதல்வர் முன்னால் நிறுத்தினாள். அந்த அம்மாள் மலர்ந்த முகத்தோடு கை நீட்டினார். அக்காவின் வலது கை பைக்குள்ளேயே இருந்தது. இடது கையை நீட்டினாள். பிடித்த அந்த அம்மாள் திடுக்கிட்டுச் சட்டென்று விட்டுவிட்டார். பிறகு, விட்டோமே என்று கூச்சப்பட்டு மறுபடி பிடித்தார். அதுதான் கொடுமை. சுற்றி நின்ற பெற்றோர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அக்கா கூனிக் குறுகிப் போனாள். எனக்கும் அவமானமாக இருந்தது.

மகள் அவளை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "வலது கைக்கு என்னம்மா ஆச்சு? அடி கிடி பட்டுச்சா?" என்று பையைப் பிடுங்கினாள். அடியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பழைய கைதான்.

"இது பக்கத்துல அதை வெச்சுப் பார்க்க முடியலடி" என்றாள் அக்கா. "ஒண்ணு வீட்டுக்காரி கை, இன்னொண்ணு வேலைக்காரி கை மாதிரி இருக்கு. எல்லாரும் பார்ப்பாங்கல்ல."

"இத்தனை நாளா இல்லாத கைக்குக் கூச்சப்பட்ட. இப்ப இருக்கிற கைக்குமாம்மா?"

பட்டம் வாங்கிய பெண் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கு என் இடது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்கா தானாகவே கூப்பிட்டாள். "கை செய்றவர்கிட்ட போகணும், துணைக்கு வா." திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவர் மேஜை மேல் கையைக் கழற்றி வைத்தாள்.

"என்னம்மா, ஏதாவது கோளாறா?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"இதைக் கொஞ்சம் அசிங்கமாக்கித் தர முடியுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மச்சத்தை எடுத்துடலாம். நிறத்தைக் கொஞ்சம் இறக்கலாம். மத்ததுக்கெல்லாம் உங்க வலது கையைப் பார்க்கணும். அன்னைக்கே கேட்டேனேம்மா."

மேஜை விளக்கை இழுத்து நேராக வைத்தார். அக்கா வலது கையைப் பையிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். துடைத்தால் போகிற கறையா அது? பிறகு விளக்கு வெளிச்சத்தில் வைத்தாள். அவர் வண்ணத்தைக் குழைத்து, மொட்டை நகத்தையும் பசை ஏறிய வெடிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அந்த அழகான கையில் வரைய ஆரம்பித்தார். அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் தாங்காமல் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.