குயினைன் டிரிப்பும் ஹேண்ட்பேக் மாத்திரையும்

"சிஸ்டர், காதுக்குள்ள ரயில் ஓடிக்கினே கீது" என்றார் காதர் பாய்.

தாம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். மலேரியா முற்றி, ஓயாத வாந்தியோடு முந்தின நாள்தான் எங்கள் நர்சிங் ஹோம் ஐசியூவில் சேர்த்திருந்தார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ்.

மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் டிரிப் ஏறும்போது காது இரையும். "மருந்தோட வேலை பாய், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மானிட்டரைப் பார்த்தேன். எனக்குத்தான் பயம் பிடித்தது. காலையில் ஒழுங்காக ஓடிய இசிஜி கோடு இப்போது அகலமாகி இழுத்துக்கொண்டு போனது. நடுநடுவே தாறுமாறான துடிப்பு. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. குயினைனில் சுகர் இறங்கிவிடும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன். நார்மல். டிரிப்பை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் உள்ளே வரும்போதே பாய்க்குக் கண் சொருகியது. ஸ்க்ரீனில் கோடு முறுக்கிக்கொண்டு ஆடியது. ஷாக் கொடுக்கும் மெஷினை இழுத்து வருவதற்குள் துடிப்பு தானாகவே சரியானது.

"குயினைன் மட்டும் இவ்ளோ பண்ணாது. வேற ஏதோ உள்ள போயிருக்கு. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

அட்மிஷனில் கேட்டபோது, வேறு மருந்து எதுவும் இல்லை என்றிருந்தார் மனைவி நூர்ஜஹான். இப்போது டாக்டர் மறுபடி கேட்டதும் ஹேண்ட்பேக்கைத் திறந்தார்.

"இது ஒண்ணுதான் சார். படபடப்புக்கு துபாய்ல குடுத்தது. ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாதுன்னாங்க. வாந்தி நின்னுச்சேன்னு காலைல நான்தான் குடுத்தேன்."

குயினிடின். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனால் கொடுப்பது. குயினைனும் அதுவும் ஒரே மரப்பட்டையில் கிடைக்கும் மருந்துகள். இரண்டும் சேர்ந்தால், சரிசெய்ய வேண்டிய துடிப்பையே கெடுத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார்.

"ஐயோ, நானே அவரைக் கொல்லப் பாத்தேனா?"

"அழாதீங்கம்மா. பையை அப்படியே கொட்டுங்க. வேற என்ன இருக்குன்னு பாப்போம்" என்றார் டாக்டர்.

பையில் வேறு மருந்து இல்லை. துடிப்பு நிலைக்க மக்னீசியம் ஏற்றினோம். பொட்டாசியம் பார்க்க ரத்தம் அனுப்பினோம். இரண்டு மருந்தையும் நிறுத்தி, மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி ஆரம்பித்தார் டாக்டர். உள்ளே போனது வெளியேறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். மானிட்டர் ஒவ்வொரு முறை கத்தும்போதும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நூர்ஜஹான் எழுந்து நின்றுவிடுவார். பொழுது சாயும் நேரத்தில் கோடு குறுக ஆரம்பித்தது.

பாய் தெளிவாகப் பேசிய முதல் பேச்சு, "அவளைத் திட்டாதீங்க சார்" என்பதுதான். காய்ச்சல் விட்டதும், துடிப்புக்கு வேறு மருந்து பார்க்கச் சொல்லி இதய டாக்டரிடம் அனுப்பினோம்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதைச் சொல்வேன். வருஷக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரை வீட்டில் இருப்பவர்களுக்கு மருந்தாகவே தோன்றாது, காலைக் காபி மாதிரி ஆகிவிடும். 'மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 'காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன முழுங்கினீங்க' என்று கேளுங்கள்.